ஓடையைத் தூர்த்துப் போட்ட சாலை

விரிசலை முதலில் பார்த்தவர் மேஸ்திரி. எத்தனை நாளாகப் பெய்கிறது என்ற கணக்கே மறந்துபோகும்படி மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், நெடுஞ்சாலையின் கடலோரப் பக்கம், வெள்ளைக் கோட்டை ஒட்டி, தலைமுடி கனத்தில் ஒரு கோடு ஓடியிருந்தது. முந்தின மாலை அந்த இடத்தைப் பெருக்கிவிட்டுப் போனது அவருடைய ஆட்கள்தான். அப்போது அது இல்லை. அவர் எஞ்சினியரம்மாவுக்குப் போன் போட்டார்.

எஞ்சினியரம்மா என்பது சாலைப் பணியாளர்கள் அவளுக்கு வைத்த பெயர். வீட்டில் அவள் சின்னவள். மலை வந்து கடலில் இறங்கும் அந்தப் பகுதி முழுக்க அவள் பராமரிப்பில் இருந்தது. சாலையில் ஒரு குழி விழுந்தாலும் அவளைத்தான் கேட்பார்கள், குறுக்கே ஒரு மாடு வந்தாலும் அவளைத்தான் திட்டுவார்கள். ஜீப்பை விட்டு இறங்கியவள் மழைக்கோட்டோடு தரையில் மண்டியிட்டு விரிசலைப் பார்த்தாள். நேராக ஓடியிருந்தால் அவ்வளவு யோசித்திருக்கமாட்டாள். தார்ச்சாலையில் நேர்விரிசல் வருவது குதிகாலில் வெடிப்பு வருவது மாதிரி, பூசினால் சரியாகிவிடும். இது அரிவாள் போல வளைந்திருந்தது. இரண்டு நுனியும் கடல் பக்கம் திரும்பியிருந்தன.

பாக்கெட்டிலிருந்த பேனாவின் நுனியை உள்ளே விட்டுப் பார்த்தாள். நுழையவில்லை. மேஸ்திரியிடம் இரண்டு பக்கமும் வண்டிகளை மெதுவாக விடச் சொல்லிவிட்டு விரிசலின் வளைவு நெடுக நடந்து பார்த்துத் திரும்பி வந்தாள். அதற்குள் பேனா முழுசாக உள்ளே போனது.

"மூடிடுங்க" என்றாள்.

"ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டும். ரோடு முழுக்க."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "மேல சொல்லிட்டீங்களாம்மா?"

"சொல்லிக்கிறேன். நீங்க முதல்ல மூடுங்க."

மேலே சொல்வது என்பது அவளுடைய மேலதிகாரியிடம் சொல்வது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்தச் சாலை வழியாகத்தான் துறைமுகத்துக்குப் போகும் சரக்கு அத்தனையும் போனது. ஒரு மணி நேரம் நின்றால் அவருக்கு மேலிருப்பவர்கள் அவர் காதைத் திருகுவார்கள். காது வலித்தால் யாருக்குத்தான் நியாயம் கேட்கும்.

"என்னம்மா இது, சின்ன விரிசலுக்கெல்லாம் ரோட்டை மூடுவாங்களா? கடலோரப் பக்கத்தை மட்டும் அடைச்சிட்டு, மலைப் பக்கமா விடுங்க."

"விரிசல் வளைஞ்சிருக்கு சார். மண்ணு வழுக்கப் பாக்குது. மலைப் பக்கமும் நம்ப முடியாது."

"பாக்குதுன்னு சொன்னா எப்படி? வழுக்கிடுச்சா?"

"வழுக்கின பிறகு மூடறதுக்கு நான் எதுக்கு சார்?"

"நான் கிளம்பி வர்றேன். வர்ற வரைக்கும் உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். அது அனுமதியா மிரட்டலா என்று அவளுக்குப் புரியவில்லை. இரண்டுக்கும் ஒரே வேலைதான் என்று எண்ணி, ரோடு சமன் செய்யும் பெரிய எந்திரத்தை விரிசல் வளைவின் குறுக்கே நிறுத்தச் சொன்னாள்.

அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஆள் நடக்கும் அகலத்தில்தான் ஆதியில் வழி இருந்தது. உப்பு மூட்டையும் கருவாட்டுக் கூடையும் அந்த வழியாகத்தான் தலையில் போயின. பிறகு யாரோ ஒரு அரசாங்கம் பாறையை உடைத்து வண்டிப்பாதை ஆக்கியது. மலையிலிருந்து இறங்கி வரும் ஓடைக்கு மேலே கல்பாலம் கட்டினார்கள். அதன் பிறகு தார் வந்தது. தார் போட்ட கூட்டத்தில் ரோடு ரோலர் ஓட்டியவர் எஞ்சினியரம்மாவின் அப்பா. வேலை முடிந்ததும் கூட்டம் அடுத்த ஊருக்குப் போனது, அவர் மட்டும் பாலத்துப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டு டீ விற்க உட்கார்ந்துவிட்டார். பஸ்கள் வந்தன, லாரிகள் வந்தன, கொட்டகை ஓட்டுக் கடையானது. அவள் அண்ணன் தலையெடுத்தபோது அது நூறு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடும் மாடிக் கட்டடமாகிவிட்டது. அந்த வழியில் ஓடும் டிரைவர்களில் அண்ணனைத் தெரியாதவர் இல்லை.

அப்புறம்தான் நான்கு வழிச்சாலை வந்தது. பழைய சாலை ஓடையைத் தேடிக்கொண்டு மலைக்குள் வளைந்து போய் வளைந்து வரும். புதிய சாலைக்கு அந்தப் பொறுமை இல்லை. ஓடைப் பள்ளத்தையே மண்ணால் தூர்த்து, அடியில் தண்ணீர் போகக் குழாய் வைத்து, மேலே நேராகப் பாய்ந்துவிட்டது. அண்ணன் கடை ஒதுக்குப்புறமாகிப் போனது. எல்லைக்கல் நட்ட குழுவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தங்கையும் இருந்தாள். எல்லைக்கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளச் சொன்னான் அண்ணன். என் கையில் இல்லை என்றாள் தங்கை. "உன் கையில இல்லாம உன் சித்தப்பன் கையிலயா இருக்கு?" என்றவன், அன்றோடு அவளிடம் பேசுவதை நிறுத்தினான். அப்பா போன அன்றும் பேசவில்லை. பழைய சாலை நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் இடத்தில் ஓர் இரும்புக் கேட்டைப் போட்டுப் பூட்டிவிட்டான். இலாகா இரண்டு முறை நோட்டீஸ் அனுப்பியது. கேட்டுக்கு இன்னொரு பூட்டு சேர்ந்தது.

சாலையை மூடியதும், பாறையை வெட்டிப் போட்ட வடக்குப் பகுதியில் வந்த வண்டிகள் பாறைமேல் நின்றன. தெற்கிலிருந்து வந்தவை தூர்த்த பள்ளத்தின் மேலே வரிசையாக நின்றன. முதலில் ஒரு டீசல் டேங்கர், அதன் பின்னால் சரக்கு லாரிகள், ஒரு பஸ், கார்கள், மறுபடி லாரிகள். நடுவில் கான்கிரீட் தடுப்பு. இரண்டு வரிசையும் அடைத்துக்கொண்டதால் திரும்ப வழியில்லை. ஹாரன் சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. நாலைந்து டிரைவர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"மேடம், விரிசல்ல வண்டி விழாது. நாங்க ஓரமா போயிடறோம்."

"போகலாம். நானும் வழி விடலாம். வீட்டுல உங்க பொண்டாட்டிக்கு யார் பதில் சொல்றது?"

"அதெல்லாம் அவங்க சந்தோஷப்படுவாங்க மேடம்" என்றார் டேங்கர்காரர். ஒல்லியான மனிதர், முகத்தில் இரண்டு நாள் தாடி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். அன்றைக்குக் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

சிரித்துக்கொண்டே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தாள். இத்தனை மழைக்குக் குழாயின் வாயிலிருந்து தண்ணீர் பீறிட்டுக் கடலில் விழ வேண்டும். குழந்தை மூத்திரம் போவது போல ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, சரிவின் நடுவயிற்றில், குழாய் கீழாய் எதுவும் இல்லாத வெறும் மண்ணில், ஓரிடத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் கொப்பளித்தது.

சாலையைக் கடந்து மலைப் பக்கம் ஓடினாள். ஓடை இல்லை. ஓடை இருந்த இடத்தில் குளம் இருந்தது. மேலே கல் உடைக்கிறோம் என்று மலையை மொட்டையடித்தவர்கள் போட்ட மண்ணும் வேரோடு வந்த மரங்களும் குழாயின் வாயை அடைத்திருக்க வேண்டும். தண்ணீர் சாலையின் தோள்வரை ஏறி, மேலே மரக்கட்டைகள் சுற்றிக்கொண்டிருந்தன. நெடுஞ்சாலை அணையாகிவிட்டது. அணையின் தலையில் அவளே கொண்டுவந்து நிறுத்திய வண்டிகள் பம்பரோடு பம்பர் உரசி நின்றன.

விரிசல் விட்ட வளைவு மட்டும்தான் போகும் என்று நினைத்திருந்தாள். போகப்போவது மொத்தப் பள்ளமும்.

"மேஸ்திரி, பஸ்ல இருக்கிறவங்களை இறக்கி நடக்கவெச்சு தெற்குப் பக்கம் அனுப்புங்க. கார்ல இருக்கிறவங்களும். யாரும் சாமானை எடுக்க நிக்கக்கூடாது."

"என்னம்மா ஆச்சு?"

"தண்ணி நிக்குது. ரோட்டுக்குள்ள தண்ணி போய்க்கிட்டு இருக்கு."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. வண்டிகள் பின்னால் போக வேண்டும் என்றால் வரிசையின் வால் எங்காவது ஒதுங்க வேண்டும். ஒதுங்குவதற்குப் பள்ளத்தைத் தாண்டி ஒரே இடம்தான் இருந்தது. அண்ணனுடைய கேட்.

அவள் நின்று நின்று ஓடினாள். கேட்டின் பக்கக் கம்பி வழியே நுழைந்து, புல் முளைத்த பழைய சாலையில் ஏறிக் கடைக்குள் போனபோது மூச்சு வாங்கியது. நூறு பேர் உட்காரும் கூடத்தில் ஈ ஓட்ட ஆள் இல்லை. அண்ணி மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கல்லாவில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தான். அவளை நிமிர்ந்து பார்த்தான். மறுபடி ரேடியோவைத் திருகினான்.

"யாரோ வந்திருக்காங்க. என்ன வேணும்னு கேளு" என்றான் அண்ணியிடம்.

"அண்ணி, கேட்டைத் திறக்கச் சொல்லுங்க. அவசரம்."

"அவங்க இலாகாவுல பூட்டு உடைக்கிற ஆள் இல்லையாமா, கேளு. இத்தனை வருஷம் இப்படி ஒரு ரோடு இருக்கிறதே மறந்துபோயிருந்தது. இன்னைக்கு எப்படி ஞாபகம் வந்துச்சாம்?"

அண்ணி துடைத்த துணியை மேசையில் அறைந்தாள். "நான் என்ன தபால்காரியா? கண்ணு முன்னாடி நிக்குது உங்க தங்கச்சி. உங்க வாயால கேளுங்க."

சின்னவள் கல்லா மேசையில் இரண்டு கையையும் ஊன்றினாள். தலையிலிருந்து தண்ணீர் அவனுடைய ரேடியோ மேல் சொட்டியது. "அண்ணா, ஓடை அடைச்சிருக்கு. தண்ணி ரோட்டு மட்டத்துக்கு வந்துடுச்சு. வண்டியெல்லாம் அது மேல நிக்குது. உன் கேட்டைத் திறந்தாத்தான் பின்னாடி எடுக்க முடியும். என்னை அப்புறமா எவ்வளவு வேணும்னாலும் திட்டு."

அவன் அவளைத் திட்டவில்லை. எழுந்து சமையற்கட்டுக்குள் போய்ப் பின்கதவைத் திறந்தான். அந்தக் கதவைத் திறந்தால் படிகள், படிகளுக்குக் கீழே பாத்திரம் கழுவும் கல், அதற்கும் கீழே ஓடை. கழுவும் கல்லைக் காணவில்லை. படிகளில் கீழே இருந்தவை தண்ணீருக்குள் இருந்தன.

"காலையில சத்தம் குறைஞ்சிருக்கேன்னு நெனச்சேன்" என்றான் அண்ணன், தனக்குத்தானே. "மழை குறைஞ்சிடுச்சுன்னு நெனச்சேன்." பிறகு உள்ளே பார்த்துக் கத்தினான். "அந்தக் கடப்பாறை எங்க?"

முதல் பூட்டுக்குச் சாவி இருந்தது. இரண்டாவது பூட்டு துருப்பிடித்து அசையவில்லை. கடப்பாறையைக் கொக்கியில் விட்டு அண்ணன் தொங்கினான், அவளும் தொங்கினாள். பூட்டு அப்படியே இருந்தது, கொக்கி கேட்டிலிருந்து பிய்ந்து வந்தது. இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்தவன் நேராக நெடுஞ்சாலையின் நடுவில் போய் நின்று தொண்டையைத் திறந்தான்.

அண்ணனுடைய தொண்டை அந்த வட்டாரத்தில் பேர் போனது. மாடியில் சாப்பிடுகிறவனுக்கு டிபன் வந்துவிட்டதென்று கல்லாவிலிருந்தே சொல்லும் தொண்டை. "ஏய், கடைசி வண்டி, உள்ள வா. திருப்பாதே, அப்படியே பின்னாடி வா. என்னப்பா பாக்குறே, உனக்குத் தாம்பூலம் வெச்சு அழைக்கணுமா? வா வா வா, ஒடி, நேர் பண்ணு, வா." பழைய டிரைவர்கள் குரலைக் கேட்டதும் தலையை வெளியே நீட்டினார்கள். எஞ்சினியரம்மா சொல்லிக் கேட்காதவர்கள் அவன் சொல்லிக் கேட்டார்கள். ஒவ்வொன்றாகக் கார்கள் பழைய சாலையில் ஏறின, லாரிகள் கடை முற்றத்தில் ஒதுங்கின. முற்றம் நிறைந்ததும் கல்பாலம் வரை பழைய சாலையில் வண்டிகளை அடைத்தான். பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது அதன் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கிச் சுழன்றது. இறங்கிய பயணிகளில் பத்துப் பதினைந்து பேர் திரும்பி வந்து தோள் கொடுத்துத் தள்ளினார்கள்.

அவள் வரிசையின் முன்பக்கம் நின்று ஆள் ஆளாக அனுப்பிக்கொண்டிருந்தாள். வேகமாக எடுக்காதீர்கள், இரண்டு வண்டி ஒரே நேரத்தில் அசையாதீர்கள் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது. அரிவாள் விரிசல் அவளைக் கடந்து தெற்கே நீண்டுகொண்டே போயிற்று. ஒவ்வொரு லாரி அசைந்தபோதும் கால்களுக்கடியில் ஒரு நடுக்கம் தெரிந்தது. ஆடாத நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு ஆடுவது போலத் தோன்றுமே, அப்படி.

கடைசியில் டேங்கர் ஒன்றுதான் மிச்சம். அதன் டிரைவர் எஞ்சினைக் கிளப்பிவிட்டார். அப்போது டேங்கரின் முன்சக்கரங்கள் இருந்த இடத்தில் சாலை ஓசையே இல்லாமல் ஒரு சாண் இறங்கியது. வண்டி கடல் பக்கம் சாய்ந்து நின்றது.

"எஞ்சினை நிறுத்துங்க. இறங்குங்க" என்றாள்.

"எடுத்துடலாம் மேடம். பின்சக்கரம் நல்ல ரோட்டுல இருக்கு."

"இறங்குங்க. இந்தப் பக்கமா, மெதுவா."

அவர் இறங்கினார். சாவியைக் கேட்டாள். ஏன் என்று யோசிப்பதற்குள் கொடுத்துவிட்டார். அவரைத் தோளில் பிடித்துத் தள்ளாத குறையாகக் கூட்டிக்கொண்டு பள்ளத்தைத் தாண்டிக் கேட்டுக்கு வந்து சேர்ந்தாள். அங்கே வந்த பிறகுதான் அந்த மனிதருக்கு நிலைமை உறைத்தது.

"அது என் வண்டி மேடம். முதலாளி வண்டி இல்ல. என் சொந்த வண்டி."

எல்லோரும் கேட்டருகே நின்று டேங்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெறும் சாலையில் அது ஒன்று மட்டும் மழையில் சாய்ந்து நின்றது. இதோ, இதோ என்று பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மழைகூடக் கொஞ்சம் வெளுத்தது. யாரோ டீ கேட்டார்கள், அண்ணி போட்டுக் கொடுத்தாள். குடித்து முடித்தார்கள். டேங்கர் நின்றது.

"பாருங்க, நிக்குது" என்றார் டேங்கர்காரர். "அப்பவே எடுத்திருந்தா இப்ப இங்க வந்திருக்கும்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொன்னார். இந்த முறை இரண்டு மூன்று டிரைவர்கள் தலையசைத்தார்கள். மூன்றாம் முறை அவர் சொன்னபோது அண்ணனே அவள் பக்கம் வந்து தாழ்ந்த குரலில், "ஏன் சின்னவளே, ரெண்டு நிமிஷ வேலை. நான் பின்னாடி நின்னு பாத்துக்கிறேன். பாவம், அந்த ஆள் பிழைப்பு அது" என்றான். எத்தனையோ வருஷம் கழித்து அவளைச் சின்னவளே என்று கூப்பிட்டது இதற்காகவா வந்து வாய்த்தது என்றிருந்தது அவளுக்கு.

"முடியாதுண்ணா."

மேலதிகாரியின் ஜீப் அப்போதுதான் வந்தது. அவர் குடையோடு இறங்கி, நின்ற வண்டிகளையும் நிற்கும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தார். போனில் அவரை யாரோ விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டேங்கர்காரர் அவர் காலில் விழாத குறையாக நடந்ததைச் சொன்னார்.

"சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட சார்."

"கொடுத்துடுங்க. அவர் எடுத்துட்டு வரட்டும். டீசல் வண்டி அங்க நின்னா அது வேற வம்பு."

"அவர் உள்ள உக்காந்திருக்கும்போது போச்சுன்னா?"

"ரோடு இவ்வளவு நேரம் நின்னிருக்கு. நான் சொல்றேன், கொடுங்க. இது என் உத்தரவு."

அவளுடைய கை மழைக்கோட்டுப் பாக்கெட்டுக்குள் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தது. அத்தனை பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள். தான் நினைப்பது தப்பாக இருந்தால்? நாளைக்கும் அந்தச் சாலை அப்படியே நின்றால்? சின்ன விரிசலுக்கு ஊரைக் கூட்டியவள் என்று பேர் வரும், வரட்டும். ஆனால் சரியாக இருந்தால்? சாவி உள்ளங்கையில் குத்தியது. கையை எடுக்கவில்லை.

அண்ணன் அதற்குள் கடையின் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வேகமாக வந்தான். முகத்தில் தெளிவு. "தண்ணி இறங்குது" என்றான். "ரெண்டு படி தெரியுது. கழுவுற கல்லுகூடத் தெரிய ஆரம்பிச்சிருச்சு."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. "பாத்தீங்களா?" என்றார் மேலதிகாரி. டேங்கர்காரர் அவள் முன்னால் கையை நீட்டினார்.

அவள் கேட்டுக்கு எதிரே இருந்த கைப்பிடிச் சுவருக்கு ஓடிக் குழாயின் வாயைப் பார்த்தாள். அதே ஒழுக்கு. குளத்துத் தண்ணீர் இறங்குகிறது, குழாய் வழியாக வரவில்லை. அப்படியானால் எங்கே போகிறது? சரிவின் நடுவயிற்றில் கொப்பளித்துக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தாள். இப்போது அது கொப்பளிக்கவில்லை. ஆள் நுழையும் அகலத்தில் வாய் பிளந்து, ஓடை முழுவதையும் கக்கிக்கொண்டிருந்தது.

"பின்னாடி போங்க" என்று கத்தினாள். கட்டிய தொண்டையில் சத்தம் வரவில்லை. திரும்பி ஓடி வந்து அண்ணன் கையைப் பிடித்து உலுக்கினாள். "ரோட்டைக் குடைஞ்சிக்கிட்டுத் தண்ணி போகுதுண்ணா. எல்லாரையும் மேல ஏத்து."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. அந்தத் தொண்டை இன்னொரு முறை திறந்தது. குடையும் கோப்பையுமாகக் கூட்டம் பழைய சாலையின் ஏற்றத்தில் ஏறியது. டேங்கர்காரர் மட்டும் எதிர்த் திசையில் நாலு எட்டு வைத்தார். மேலதிகாரி குடையை வீசிவிட்டு அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். இரண்டு பேரும் தடுமாறி விழுந்தார்கள்.

விழுந்தவர்கள் எழுவதற்குள் சாலையின் நடுப்பகுதி உட்கார்ந்தது. இடியெல்லாம் இடிக்கவில்லை. களைத்தவன் திண்டில் சாய்கிற மாதிரி மெல்லச் சாய்ந்து, பிறகு ஒரேயடியாகக் கடல் பக்கம் போனது. தார், வெள்ளைக்கோடு, கான்கிரீட் தடுப்பு, விளக்குக் கம்பம், அத்தனையும் ஒரு துண்டாக இறங்கின. டேங்கர் கொஞ்ச தூரம் நின்றபடியேதான் போனது. அப்புறம் குப்புறக் கவிழ்ந்தது. அதற்குப் பின்னால் ஓடை, பல வருஷம் அடக்கிவைத்த கோபம் போலச் செம்பழுப்பாய்ப் பாய்ந்து, கடலுக்குள் வெகுதூரம் நிறம் மாற்றிவிட்டுத்தான் ஓய்ந்தது. டீசல் வாடை மேலே வரை ஏறி வந்தது. "யாரும் தீப்பெட்டியைத் தொடாதீங்க" என்றாள் அவள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை, மேஸ்திரி அதை எடுத்துச் சொன்னார்.

டேங்கர்காரர் சேற்றில் உட்கார்ந்தபடி அழுதார். அண்ணி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

விசாரணை வந்தது. வராமல் இருக்குமா. வளைவில் மூடியது சரி, வண்டிகளை ஏன் பள்ளத்தின் மேலே நிற்கவிட்டீர்கள் என்று கேட்டார்கள். வளைவு மட்டும்தான் போகும் என்று நினைத்தேன் என்று அவள் சொன்னாள். மேலதிகாரி எழுந்து, சாவியைக் கொடுக்கச் சொன்னது நான், கொடுக்க மறுத்தது இவர், இதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அவரிடமிருந்து அவள் அதை எதிர்பார்க்கவில்லை. அவளை வேலையிலிருந்து எடுக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. கரையோரத்தில் டீசல் மிதந்ததால் மீன்பிடிக்கிறவர்கள் வாரக்கணக்கில் வலை போட முடியவில்லை, அவர்கள் வந்து அவளைத்தான் திட்டிவிட்டுப் போனார்கள். டேங்கர்காரருக்கு இன்ஷூரன்ஸ் இழுத்தடித்து ஏதோ கிடைத்தது. இப்போது வேறொருவருடைய லாரியை ஓட்டுகிறார். அண்ணன் கடையில் நிறுத்திச் சாப்பிடுகிறார், அவள் இருந்தால் வேறு மேசைக்குப் போய்விடுகிறார். ஒரே ஒரு தடவை, கை கழுவும் இடத்தில் எதிரெதிரே நின்றபோது, "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

நெடுஞ்சாலை அறுந்ததால் துறைமுகத்து லாரிகள் அத்தனையும் பழைய சாலையில், கல்பாலம் வழியாக, ஊர்ந்து போயின. பாலம் தாங்குமா என்று அவள் தினமும் அடியில் இறங்கிப் பார்த்தாள். கனமான வண்டிகளை ஒவ்வொன்றாகத்தான் விட்டார்கள். அண்ணன் கடையில் நூறு நாற்காலியும் போதவில்லை. லாரிகள் திரும்ப இடம் வேண்டுமென்று இலாகா அவன் முற்றத்தில் ஒரு பகுதியைக் கேட்டது. கேட்கப் போனவள் தங்கை.

"முற்றத்தைக் கொடுத்துட்டு நான் எங்க போவேன்? உன் மண்டையிலயா நாற்காலி போடறது?"

"அந்தக் கேட்டு இருந்த இடமே இலாகாவுது. நோட்டீஸ் படிச்சியா நீ?"

"நீ எழுதினதா அது? அதான் ஒரு வரிகூடப் புரியலை."

இப்படித் தினமும் நடந்தது. அண்ணி சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் பேசாம இருந்தப்ப இந்த வீடு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு" என்றாள்.

மழைக்காலம் முடிந்து பள்ளத்தில் தூண் நட எந்திரங்கள் இறங்கின. இந்த முறை மண் கொட்டப் போவதில்லை. ஓடையை ஓடவிட்டு மேலே பாலம். அவள் பள்ளத்தின் விளிம்பில் நின்று எங்கே முதல் துளை என்று ஆட்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான்.

"பாலம் முடிஞ்சா மறுபடியும் வண்டியெல்லாம் கீழ் ரோட்டுக்கே போயிடும், இல்ல?"

"போயிடும்ணா."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"ரெண்டு வருஷம். மழை இருந்தா இன்னும் கூட."

அவன் பள்ளத்தைப் பார்த்தான். கீழே ஓடை தன் பழைய தடத்தைக் கண்டுபிடித்துக் கல்லுக்குக் கல் தாவி ஓடிக்கொண்டிருந்தது.

"அவசரப்படாம கட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பினான்.